முத்திரை உள்ள பக்கம்

"கொஞ்சம் காலைத் தூக்குங்க, அளவெடுக்கணும்" என்றாள் டெய்லரம்மா.

"வீட்டுக்குச் சட்டை தைக்கப் போறியா?" என்றார் அவள் கணவர் கரன்ட்டுக்காரர்.

"ஆமா. பழசு கிழிஞ்சா புதுசு தைக்கணும்ல."

கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் காலைத் தூக்கிக்கொண்டார். முப்பத்து நாலு வருஷமாகத் தெருவிலிருந்த அத்தனை பேருடைய மார்பையும் இடுப்பையும் அளந்த நாடா, அன்று தரையில் ஊர்ந்தது. கட்டில் காலிலிருந்து அடுப்படி நிலைப்படி வரை. அங்கிருந்து குளியலறைக் கதவு வரை. கதவிலிருந்து தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு வரை. அவள் அளவைச் சொல்லச் சொல்ல அவர் வாய்க்குள் முணுமுணுத்து, "நாலு எட்டு. சரிதான்" என்றார். இன்னொன்றுக்கு, "நீ தப்பா அளந்திருக்க. அது மூணரை" என்றார். திரும்ப அளந்தாள். மூன்றரைதான்.

அந்தத் தெருவின் மேலே ஒரு பாலம் போகப் போகிறது என்று அறிவிப்பு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டை இடிப்பார்கள். மாற்றாக ஊருக்கு வெளியே மனை கொடுப்பார்கள். மறுகுடியமர்வு வாரியம் ஒப்புதல் கொடுத்த வரைபடத்தின்படி அங்கே வீடு கட்டிக்கொள்ளலாம். இதில் யாருக்கும் தகராறு இல்லை, டெய்லரம்மாவுக்கும் இல்லை. அவளுடைய கவலை வேறு.

கரன்ட்டுக்காரருக்குப் பார்வை போய் இருபத்தாறு வருஷம். கம்பத்தின் மேல் வேலை பார்க்கும்போது முகத்துக்கு நேரே ஒரு பொறி வெடித்தது. கடைசியாக அவர் பார்த்தது அதைத்தான். ஆனால் இந்த வீட்டுக்குள் அவருக்குக் கண் இருந்தது. கட்டிலை விட்டு இறங்கி வலக்கைப் பக்கம் நாலு எட்டு வைத்தால் அடுப்படி. அங்கே இடக்கைப் பக்கம் திரும்பி மூன்றரை எட்டு வைத்தால் குளியலறை. தானே எழுவார், தானே குளிப்பார், இரண்டு டம்ளரில் டீ போட்டுத் தையல் இயந்திரத்தின் மேல் ஒன்றை வைத்துவிட்டு, "ஆறிடும், குடி" என்பார். வாசலைத் தாண்டினால்தான் அவருக்குக் கண் தெரியாது.

வீட்டை அப்படியே கொண்டுபோய் வேறிடத்தில் வைத்துவிட்டால், அவர் பார்வையும் கூடவே வந்துவிடும். டெய்லரம்மாவின் கணக்கு அவ்வளவுதான்.

அளவுகளை வைத்து, துணி வெட்டுவதற்கு வரைகிற மெல்லிய தாளில் வரைபடமும் அவளே போட்டாள். வாரியத்தின் ஒப்புமைப் பிரிவில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஒப்புமை அலுவலரின் மேசைக்குக் கண்ணாடி மேற்பரப்பு. அடியில் விளக்கு எரியும். பழைய வீட்டின் வரைபடத்தை அதில் விரித்து, அதன்மேல் புதிய வரைபடத்தைப் போட்டு, கோட்டின்மேல் கோடு எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பது அவர் உத்தியோகம். பத்தொன்பது வருஷமாகக் குனிந்து பார்த்ததில் நிமிர்ந்து பேசும் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

"இது யார் வீடும்மா?"

"எங்க வீடுங்க."

"அது இடிக்கற பட்டியல்ல இருக்கே."

"ஆமாங்க. அதே மாதிரி புது இடத்துல கட்டிக்கறோம்னு கேக்கறோம்."

"அதே மாதிரின்னா அதே வீடுதானே? இடிக்கணும்னு நாங்களே உத்தரவு போட்ட வீட்டைக் கட்டிக்கங்கன்னு நாங்களே எப்படிச் சொல்றது?"

சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த விதியைக் கையால் காட்டினார். பழைய வீட்டை நாற்பது விழுக்காட்டுக்கு மேல் ஒத்திருக்கும் எந்தக் கட்டடமும் பழைய வீடாகவே கருதப்படும். பழைய வீட்டின் மீதான உத்தரவு அதற்கும் பொருந்தும்.

"உங்களுது தொண்ணூத்தாறு. தெரியாம விட்டுட்டேன்னு வைங்க, நீங்க கட்டி முடிச்ச மறுநாள் இடிக்கற வண்டி அங்கயும் வந்து நிக்கும். அப்புறம் எனக்குத்தான் மனசு கேக்காது."

"வீட்டுக்காரருக்குக் கண்ணு தெரியாதுங்க. இடம் மாறினா தடுமாறிப் போயிடுவாரு."

அலுவலர் முதல்தடவையாக நிமிர்ந்தார்.

"கண்ணு தெரியாதவருக்கு வீடு எப்படி இருந்தா என்னம்மா?"

அவர் இரக்கப்பட்டு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். இரண்டாம் மாடி, பரிவுப் பிரிவு.

பரிவுப் பிரிவில் நாற்காலிக்கு மெத்தை உண்டு. மேசையில் கண் துடைக்கக் காகிதக் கைக்குட்டைப் பெட்டி இருந்தது. பரிவு அலுவலர் மெல்லிய குரலில் பேசுகிறவர். அவள் சொன்னதையெல்லாம் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டார். பிறகு ஒரு பெரிய பதிவேட்டைத் திறந்து, 'கேட்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"ஒரு காலத்துல இந்த வாரியத்துக்கு இதயமே இல்லைன்னு பத்திரிகையில எழுதினாங்கம்மா. தலைவருக்கு ரொம்ப வருத்தம். உடனே இந்தப் பிரிவைத் தொடங்கினாரு. இப்ப யார் வந்தாலும் முழுசா கேப்போம், நடுவுல பேச மாட்டோம். போன வருஷம் எண்ணூத்துப் பதினோரு பேர் சொன்னதைக் கேட்டிருக்கோம். கேக்கலைன்னு ஒருத்தர்கூட புகார் குடுக்கல."

"அவங்களுக்கெல்லாம் என்ன ஆச்சுங்க?"

"அது வேற பிரிவும்மா. நாங்க கேக்கற பிரிவு."

சொல்லிவிட்டு அவருக்கே போதவில்லை போலும். விதிவிலக்கு ஒன்று இருப்பதாகச் சொன்னார். வீட்டின் அமைப்பை நம்பியே ஒருவர் நடமாடுகிறார் என்று மெய்ப்பித்தால் நாற்பதை நூறாக உயர்த்தலாம். இதுவரை யாரும் மெய்ப்பித்ததில்லை. நேரில் வந்து பார்ப்பார்கள்.

மூன்று பேர் வந்தார்கள். பரிவு அலுவலர், கையில் கடிகாரத்தோடு ஒருவர், குறிப்பெழுத ஒருவர்.

கரன்ட்டுக்காரர் அன்று புதுச்சட்டை போட்டிருந்தார். கட்டிலிலிருந்து இறங்கி, அடுப்படிக்குப் போய், ஐந்து டம்ளர் டீ போட்டுத் தட்டில் வைத்து, ஒரு சொட்டு சிந்தாமல் கொண்டுவந்து நீட்டினார். "அந்த நாற்காலியில சாயாதீங்க சார், அதுக்கு ஒரு கால் குட்டை" என்றார் குறிப்பெழுதுகிறவரிடம். அவர் பதறி எழுந்ததில் பேனா விழுந்து உருண்டது. கரன்ட்டுக்காரர் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போய்க் கட்டிலடியில் கையை விட்டு எடுத்துக் கொடுத்தார். மூன்று பேரும் கை தட்டினார்கள்.

"எப்படி?" என்றார், அவர்கள் போனதும்.

"நல்லா பண்ணீங்க. சினிமாவுல சேத்துக்குவாங்க."

பத்து நாளில் அறிக்கை வந்தது. மேற்படி நபர் வீட்டினுள் எவ்விதத் தடையுமின்றி நடமாடுவதும், கீழே விழுந்த பொருளைக் கண்டெடுப்பதும் குழுவினரால் நேரில் பார்க்கப்பட்டன. எனவே பார்வையற்றவர் என்ற கோரிக்கை மெய்ப்பிக்கப்படவில்லை.

டெய்லரம்மா மறுபடி மெத்தை நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"என் மேல கோவப்படாதீங்க" என்றார் பரிவு அலுவலர். "எங்காவது ஒரு இடத்துல லேசா இடிச்சுக்கச் சொல்லியிருக்கலாம்ல நீங்க. அவர் பாட்டுக்கு எங்களைவிட நல்லா நடக்கறாரு. நாங்க என்னன்னு எழுதறது? சரி, மறு ஆய்வு போடறேன். இந்தத் தடவை நாங்களே உதவி பண்றோம்."

உதவி எப்படி இருக்கும் என்று அவள் கேட்கவில்லை. பிறகு பல நாள் அதை நினைத்துக்கொண்டாள்.

மறு ஆய்வுக்கும் அதே மூவர். "டீ போடட்டுங்களா சார்?" என்று கரன்ட்டுக்காரர் எழுந்திருக்கப் போகும்போது, கடிகாரக்காரர் தையல் முக்காலியைச் சத்தமில்லாமல் தூக்கிக் கட்டிலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் வைத்தார். டெய்லரம்மா வாயைத் திறந்தாள். பரிவு அலுவலர் உதட்டில் விரலை வைத்து, அவள் காதருகே குனிந்து, "சொல்லிடாதீங்கம்மா. சொன்னா ஆய்வு செல்லாது. இனிமே மறு ஆய்வும் கிடையாது" என்றார். அப்போதும் குரல் மெல்லியதாகத்தான் இருந்தது.

ஒரு எட்டு. இரண்டு எட்டு.

அவள் சொல்லவில்லை.

கையை ஊன்றி விழுந்ததில் இடது மணிக்கட்டு முறிந்தது. கடிகாரக்காரர் நேரத்தைக் குறித்துக்கொண்டார். பரிவு அலுவலர் ஓடிப்போய்த் தூக்கிவிட்டு, கைக்குட்டை கொடுத்து, "இப்பதான் எங்களுக்குப் புரியுது" என்றார்.

மருத்துவமனையில் மாவுக்கட்டு காய்வதற்காகக் காத்திருக்கும்போது கரன்ட்டுக்காரர் கேட்டார்.

"நீ பாத்துட்டுத்தானே இருந்த?"

"ஆமா."

கொஞ்ச நேரம் மாவுக்கட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"காரியம் ஆச்சா?"

"ஆயிடும்னு நினைக்கறேன்."

"அப்ப சரி."

இரண்டாவது அறிக்கை வந்தது. மேற்படி நபர் தற்போதைய வீட்டிலேயே மூன்றாவது அடியில் தடுமாறி விழுந்தார். எனவே இவ்வீட்டின் அமைப்பு அவருக்குப் பழக்கமானது என்று கொள்வதற்கில்லை. அதே அமைப்பில் புதிய வீடு கோருவதற்குக் காரணமில்லை.

இரண்டு அறிக்கைகளும் அவளுடைய கோப்பில் அடுத்தடுத்து வைத்துத் தைக்கப்பட்டன. கோப்பு ஒப்புமைப் பிரிவுக்குத் திரும்பியது. ஒப்புமை அலுவலர் அதைப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஒண்ணு அவருக்குக் கண்ணு தெரியும்ங்குது. இன்னொண்ணு வீடு அவருக்குப் பழக்கமில்லைங்குது. ரெண்டையும் சேத்துப் படிச்சா, கண்ணு தெரிஞ்ச யாரோ ஒருத்தர் உங்க வீட்டுக்குள்ள வந்து விழுந்திருக்காரு. அவர் யாரும்மா?"

"என் வீட்டுக்காரர்தாங்க."

"சரி, உக்காருங்க. இன்னொரு தடவை பாத்துத் தொலைக்கறேன்."

சாப்பாட்டு நேரத்துக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. நூற்று நாற்பது பக்கக் கோப்பிலிருந்து வரைபடத்தை உருவி எடுத்து மேசையில் போட்டார், விளக்கைப் போட்டார், குனிந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"பதினொண்ணு."

"என்னங்க?"

"பதினோரு விழுக்காடு. மாத்திப் போட்டுட்டு வந்திருக்கீங்கன்னு முதல்லயே சொல்லக்கூடாதா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் முத்திரை விழுந்துவிட்டது. ஊதா மையில், ஒரு தட்டு அளவுக்கு வட்டமாக.

பரிவு வேலை செய்திருக்கிறது என்று நினைத்தாள். அறிக்கையில் ஒன்று எழுதிவிட்டு, மாடியிலிருந்து ரகசியமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார் அந்த மனுஷன். படியிறங்கும்போது, அவரைப் பற்றித் தான் மனசுக்குள் திட்டியதற்கெல்லாம் மனசுக்குள்ளேயே மன்னிப்புக் கேட்டாள்.

புது மனையில் வேலை தொடங்கியது. கொத்தனார் அவளுக்குத் தெரிந்தவர், அவருடைய மூன்று மகள்களுக்கும் அவள்தான் தைத்தாள். "சிமெண்டுக்கெல்லாம் தையல் பிரிக்க முடியாது அக்கா, இப்பவே சரியா சொல்லிடு" என்று ஒவ்வொரு அளவையும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டு தோண்டினார். ஒருநாள் கரன்ட்டுக்காரரைக் கூட்டிப்போய்ச் சுண்ணாம்புக் கோட்டுக்குள் நிறுத்தினார்கள். வெட்டவெளியில் நாலு எட்டு வைத்து நின்று, இடக்கைப் பக்கம் திரும்பி, மூன்றரை எட்டு வைத்து, இல்லாத கதவின் தாழ்ப்பாளை நீக்கினார். கொத்தனார் சிரித்துவிட்டு, "மாமா, தண்ணி இன்னும் வரல" என்றார்.

அடித்தளம் முழங்கால் உயரம் வந்தபோது வாரியத்தின் மேற்பார்வையாளர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். வரைபடத்தைக் கேட்டு வாங்கினார். அதைப் பார்த்தார், அடித்தளத்தைப் பார்த்தார்.

"நிறுத்துங்க. எல்லாம் தலைகீழா இருக்கு."

"எதுங்க?" என்றார் கொத்தனார்.

"அடுப்படி இடது பக்கம் வரணும். வலது பக்கம் கட்டியிருக்கீங்க."

"நீங்க தாளைப் பின்பக்கமா பிடிச்சிருக்கீங்க சார்."

மேற்பார்வையாளர் கோபப்படவில்லை. பொறுமையாக வட்ட முத்திரையைக் காட்டினார்.

"முத்திரை எந்தப் பக்கம் இருக்கு?"

டெய்லரம்மா அருகில் வந்து பார்த்தாள். மெல்லிய தாளில் மை இரண்டு பக்கமும் தெரிந்ததால் இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை. முத்திரை குத்தியிருந்தது தாளின் முதுகில்.

"முத்திரை உள்ள பக்கம்தான் முன்பக்கம். இது விதி."

"அதுல எழுத்தெல்லாம் திரும்பி இருக்கே சார்" என்றார் கொத்தனார்.

"எழுத்தையா கட்டப் போறீங்க?"

டெய்லரம்மா தனக்குத் தெரிந்த வழியில் சொல்லிப் பார்த்தாள். "ஐயா, வலது கைக்கு வெட்டின துணியைத் திருப்பிப் போட்டா அது இடது கை ஆயிடும். அதைக் கொண்டுபோய் வலது தோள்ல வெச்சுத் தைச்சா சட்டை போட முடியாது."

"அளவு மாறுமா?"

"அளவு மாறாது."

"அப்ப என்னம்மா. ரெண்டும் கைதானே."

அன்று மத்தியானமே அவள் ஒப்புமை அலுவலரின் எதிரில் நின்றாள். அவர் தாளை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார். அறையில் வேறு யாரும் இல்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஆமா. திருப்பிப் போட்டுட்டேன்."

"அப்ப மாத்திக் குடுத்துடுங்க ஐயா. இந்தப் பக்கம் ஒரு முத்திரை."

"எப்படிம்மா குடுப்பேன்? சரியான பக்கம் போட்டா தொண்ணூத்தாறு. உங்களுக்கு வீடே கிடையாது. நான் தப்புப் பண்ணதாலதான் உங்களுக்கு வீடு கிடைச்சிருக்கு. அதை முதல்ல புரிஞ்சுக்கங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தப்புன்னு நான் எழுதிக் குடுக்கறேன்னே வைங்க. இந்த மேசையில பாத்த மூவாயிரத்துச் சொச்சம் வரைபடத்தையும் திரும்பப் பாருன்னுவாங்க. அதுல எத்தனையைத் திருப்பிப் போட்டேனோ எனக்கே தெரியாது. பாதிக் குடியிருப்பு திரும்பி நிக்குதோ என்னமோ. இதுவரைக்கும் வந்து கேட்டது நீங்க ஒருத்தர்தான். கண்ணு தெரிஞ்சவங்க யாரும் கவனிக்கல பாருங்க."

புதிய மனு போட்டால் பதினான்கு மாதம் ஆகும் என்றும் சொன்னார். பழைய வீட்டை இடிக்க ஒன்பது வாரம் இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னாள். கரன்ட்டுக்காரர் மாவுக்கட்டு எடுத்த கையை வெந்நீரில் வைத்துக்கொண்டிருந்தார்.

"எட்டு அதேதானே?"

"எட்டு அதேதான்."

"பக்கம்தானே மாறுது. கட்டச் சொல்லு. நான் என்ன சின்னப்பிள்ளையா, பழகிக்கறேன். வலதுன்னா இடது, இடதுன்னா வலது. இதென்ன பெரிய வித்தை."

கட்டிய அடித்தளத்தைப் பெயர்த்துவிட்டுக் கொத்தனார் மறுபடி தொடங்கினார். நல்ல வேலைக்காரர். ஒரு அங்குலம் பிசகவில்லை. அவள் போட்ட வரைபடத்தைக் கண்ணாடியில் பார்த்தால் எப்படித் தெரியுமோ, அப்படியே எழுந்து நின்றது வீடு.

பழைய வீட்டை இடித்த அன்று சாமான் வண்டியின் முன்சீட்டில் அவரை உட்கார வைத்திருந்தாள். புறப்படலாமா என்று வண்டிக்காரர் இரண்டு தடவை கேட்டார். "இருப்பா" என்றார். ஒரு சுவர் விழுந்தது. "அடுப்படி" என்றார். அவள் பார்த்தாள். அடுப்படிதான். அடுத்தது விழுவதற்கு முன்னாலேயே, "போலாம்" என்றார்.

புது வீட்டில் முதல் வாரம் ரொம்ப முயன்றார். தெரியாத வீடாக இருந்திருந்தால் தடவித் தடவிக் கற்றுக்கொண்டிருப்பார். இது தெரிந்த வீடு. அதுதான் கஷ்டம். புத்தி இடது என்று சொல்லும், முப்பத்து நாலு வருஷத்துக் கால் வலது பக்கம் போய்ச் சுவரில் நிற்கும். நெற்றியில் இரண்டு தடவை. முழங்காலில் எத்தனையோ. குளியலறை என்று நினைத்து அடுப்பின் மேல் உள்ளங்கையை வைத்தார். அந்தக் கை ஆறும் வரை உட்கார்ந்திருந்தவர், ஆறிய பிறகும் எழவில்லை.

"டீ போடலயா இன்னிக்கு?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"நீ போடற டீ நல்லாத்தான் இருக்கு."

முன்னே ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அவள் போடுவது கழனித்தண்ணி என்பார். இப்போது சாப்பாடு கட்டிலுக்கு வந்தது. குளிக்க அவள் கை வேண்டியிருந்தது. மூன்றாவது மாதத்தில், "திரும்புங்க" என்றால் எந்தப் பக்கம் என்று கேட்கவும் விட்டுவிட்டார். அவள் திருப்புகிற பக்கம் திரும்பினார்.

ஆறாவது மாதம் பரிவு அலுவலர் படிவத்தோடு வந்தார். கூடவே ஒரு புகைப்படக்காரர்.

"வீடு நல்லாருக்காம்மா?"

"இருக்குங்க."

"புது வீட்டுல ஐயா எத்தனை தடவை விழுந்தாரு?"

"விழலீங்க. எழுந்திரிச்சாத்தானே."

"இல்லை" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "பழைய வீட்டுல?"

"ஒரு தடவை. நீங்கதான்..."

"ஒன்று." அவர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா. நாங்க சொன்னா யாரும் நம்பறதில்ல. இந்த வருஷ மலர்ல உங்க வீட்டைத்தான் முதல் பக்கத்துல போடறோம். ஐயா வாசல்ல நிக்கற மாதிரி ஒரு படம் வேணும்."

அவள் அவரை எழுப்பிக் கைத்தாங்கலாக வாசல் நிலைக்குக் கூட்டிவந்தாள். புகைப்படக்காரர் கையசைத்தார்.

"அம்மா, நீங்க தெருவுக்கு வந்துடுங்க. அவர் தனியா நிக்கணும்."

"தனியா நிக்க மாட்டாருங்க."

"ஒரு நிமிஷம்தாம்மா."

"போ. நிக்கறேன்" என்றார் கரன்ட்டுக்காரர்.

அவள் கையை விட்டாள். வெளிச்சம் சரியில்லை என்று புகைப்படக்காரர் அவர் தோளைப் பிடித்துக் கொஞ்சம் திருப்பினார். நிழல் விழுகிறது என்று மறுபடி திருப்பினார். கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டு, ஓரடி முன்னால் இழுத்து, இன்னும் ஒரு தடவை திருப்பினார். "சிரிங்க ஐயா" என்றார். கரன்ட்டுக்காரர் சிரித்தார். படம் நன்றாக வந்திருப்பதாக இருவரும் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள்.

வண்டிச் சத்தம் ஓயும் வரை அவர் அசையவில்லை. இரண்டு கையையும் கொஞ்சம் முன்னால் நீட்டியபடி நின்றார்.

"போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க."

"வீடு எந்தப் பக்கம்?"